மாதம் ஒரு தலைப்பு, வீட்டுக்கு ஒரு வேலை: குருளையர் குழுவுக்கு ஓராண்டுத் திட்டம்

கேள்வியின் சுருக்கம் இது. பள்ளியில் குருளையர் குழு, அதாவது சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவு, தொடங்கி ஓராண்டு ஆகிறது. 22 பிள்ளைகள், சனிக்கிழமைதோறும் கூட்டம். கொடி, உறுதிமொழி, இரண்டு விளையாட்டு என்று வாராவாரம் ஒரே மாதிரி போவதால் வருகை குறைகிறது. மாதத்துக்கு ஒரு தலைப்பு வைத்து நடத்தலாம் என்றால் எல்லா வேலையும் குழுவை நடத்தும் கப் மாஸ்டர் ஒருவர் தலையில் விழுகிறது. பெற்றோரைக் கேட்டால் "சொல்லுங்க சார், செய்றோம்" என்கிறார்கள். அந்த நாளில் ஆள் வருவதில்லை.

தலைப்பும் வேலைப் பங்கீடும் இரண்டு தனிப் பிரச்சினைகள் போலத் தெரிகின்றன. உண்மையில் ஒன்றுதான். தலைப்பைச் சரியாக வகுத்தால் யார் யாருக்கு என்ன வேலை என்பது அதிலிருந்தே வந்துவிடும். தலைப்பு மொழுக்கென்று இருந்தால் வேலையும் மொழுக்கென்று இருக்கும், அப்படிப்பட்ட வேலையை யாரும் எடுக்க மாட்டார்கள்.

தலைப்பு என்றதும் பலர் "இயற்கை", "சுகாதாரம்", "நமது பண்பாடு" என்று எழுதிவிடுகிறார்கள். இவை பேச்சுப் போட்டித் தலைப்புகள். ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைக்கு "இயற்கை" என்று ஒரு சனிக்கிழமை என்ன செய்ய முடியும்? படம் வரையலாம், சுலோகம் எழுதலாம், பெரியவர் பேசுவதைக் கேட்கலாம். மூன்றையும் பள்ளியில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் செய்துவிட்டார்கள். தலைப்பில் ஒரு வினை இருக்க வேண்டும். "மழை" என்று வைக்காதீர்கள், "மழையை அளப்போம்" என்று வையுங்கள். "பாரம்பரியம்" வேண்டாம், "பல்லாங்குழி ஆடக் கற்று அப்பா அம்மாவைத் தோற்கடிப்போம்" என்று வையுங்கள்.

அடுத்து, மாதத்தைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள். நான்காம் சனிக்கிழமை பிள்ளைகள் கையில் என்ன இருக்கும், எதைச் செய்து காட்டுவார்கள் என்பதை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரி எழுத வரவில்லை என்றால் தலைப்பு இன்னும் பழுக்கவில்லை என்று பொருள். எழுதிவிட்டால், அதற்கு மூன்றாம் வாரம் என்ன முடிந்திருக்க வேண்டும், இரண்டாம் வாரம் என்ன, முதல் வாரம் என்ன என்று இறங்கி வாருங்கள். அந்த இறக்கத்தில் ஒவ்வொரு படியும் யாராவது ஒருவரின் வேலை.

ஒரு மாதத்தை முழுதாகப் பார்ப்போம்: ஜூலை, விதை

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், தேர்வு நெருக்கம் இருக்காது. நான்காம் வார வரி இதுதான் (சிக்ஸ் என்பது ஆறு பேர் வரை கொண்ட சிறு அணி): "ஒவ்வொரு சிக்ஸும் தான் வளர்த்த ஒரு தட்டு வெந்தயக்கீரையை அறுத்து, கழுவி, ஆளுக்கு ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப் போகும்."

வெந்தயம்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. எல்லார் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து நாளில் முளைத்துவிடும். முதல் சனிக்கிழமை விதைத்தால் நான்காம் சனிக்கிழமைக்கு 21 நாள், இளங்கீரையாக அறுக்கலாம். கத்தரியோ தக்காளியோ வைத்தால் மாதம் முடியும்போது நான்கு இலையோடு நிற்கும். பிள்ளைகளுக்கு அது தோல்வியாகத் தெரியும். சிறுகீரை, தண்டுக்கீரை விதைகள் மிகப் பொடி. மணலில் கலந்து தூவினாலும் சின்னக் கைகள் ஒரே மூலையில் கொட்டிவிடும், மிச்சத்தை எறும்பு இழுத்துப் போகும்.

நான்கு தட்டுகள் வேண்டும், சிக்ஸுக்கு ஒன்று. காய்கறி வரும் பிளாஸ்டிக் பெட்டியில் பழைய சாக்கை விரித்தால் போதும். 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரத்துக்கு மண் என்றால் ஒரு தட்டுக்குச் சுமார் 13.5 லிட்டர், நான்குக்கு 54 லிட்டர். சிமெண்ட் சாக்கில் இரண்டு சாக்கு எடுத்தால் சிந்தினாலும் போதும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள். உரம் மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணம் கலந்தால் சூட்டில் முளை கருகும், நாற்றத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் சண்டைக்கு வருவார். விதை தட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி, வெள்ளி இரவே ஊறப்போட்டது. பரப்பி, அரை செ.மீ. மண்ணால் மூடி, முதல் ஐந்து நாளுக்கு மேலே பழைய கொசுவலையைக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் புறாவும் அணிலும் திங்கட்கிழமைக்குள் பந்தி முடித்துவிடும்.

இப்போது இந்த மாதத்தின் நிஜமான பாடம்: தண்ணீர் யார் ஊற்றுவது? இதைச் சொல்லாமல் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். யாருமே ஊற்ற மாட்டார்கள், அல்லது ஆறு பேரும் ஊற்றுவார்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. மண் சேறாகி, முளைத்த நாற்றின் தண்டு மண்மட்டத்தில் அழுகிச் சாயும். ஆறு பேர் உள்ள சிக்ஸில் ஐந்து பேருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கு ஒரு நாள். ஆறாவது பிள்ளை மாற்று ஆள், யார் வரவில்லையோ அவர் நாளை எடுத்துக்கொள்வார். வாரம் மாறும்போது மாற்று ஆளும் மாறுவார். ஐந்து பேரே உள்ள சிக்ஸில் செகண்ட் (அணியின் துணைத் தலைவர்) தன் நாளோடு மாற்று வேலையையும் பார்க்கட்டும். அளவு நாளுக்கு அரை லிட்டர், மூடியில் ஊசியால் ஏழெட்டு ஓட்டை போட்ட பாட்டிலில். ஊற்றியவர் சுவரில் ஒட்டிய அட்டவணையில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பள்ளி பூட்டியிருக்கும். அதற்காகக் காவலாளியிடம் கெஞ்ச வேண்டாம். சனிக்கிழமை கூட்டம் முடியும்போது நன்றாக நனைத்து நிழலில் தள்ளி வைத்தால் திங்கள் காலை வரை தாங்கும்.

இரண்டாம் வாரம், விதையின் உயிரைச் சோதிப்பது. ஆளுக்குப் பத்துப் பச்சைப்பயறை ஈரத் துணியில் முடிந்து வியாழன் இரவே வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை அவிழ்த்து எண்ணினால், எட்டு முளைத்திருந்தால் நூற்றுக்கு எண்பது. விவசாயி விதை வாங்கும் முன் பார்ப்பதும் இதைத்தான். ஓடி ஆடும் விளையாட்டும் தலைப்பிலிருந்தே வரட்டும்: எருக்கு போலக் காற்றில் பறக்கும் விதை, நாயுருவி போல ஒட்டிக்கொண்டு போகும் விதை, வெண்டை போல வெடிக்கும் விதை. மூன்று அணி, மூன்று வித ஓட்டம். மூன்றாம் வாரம் நடந்து போகும் தூரத்தில் ஒரு நாற்றுப்பண்ணை அல்லது வயல். நான்காம் வாரம் அறுவடை, கடைசி இருபது நிமிடம் பெற்றோர் வந்து பார்க்க.

ஒரு தட்டு கெட்டுப்போகும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள். கெட்டுப்போன சிக்ஸுக்கு மற்ற மூன்று சிக்ஸும் கீரை பங்கிட வேண்டும் என்று முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். கெட்ட பிறகு சொன்னால் அது தண்டனையாகிவிடும்.

தொண்ணூறு நிமிடம்

தலைப்பு வந்துவிட்டது என்பதற்காகக் கூட்டம் முழுவதையும் அதற்குள் திணிக்கக் கூடாது. தலைப்புக்கு 90 நிமிடத்தில் 35 நிமிடம் போதும். வந்து சேரும் முதல் பத்து நிமிடம் யார் எப்போது வந்தாலும் சேர்ந்துகொள்ளக்கூடிய விளையாட்டு. இது இல்லாவிட்டால் முதலில் வந்த பிள்ளைகள் சும்மா நின்று தள்ளுமுள்ளில் இறங்குவார்கள். பிறகு கிராண்ட் ஹௌல் (குருளையர் வட்டமாகக் கூடிக் குரல் எழுப்பி வணங்குவது), கொடி, இறைவணக்கம், நகமும் சீருடையும் பார்ப்பது, எல்லாம் பத்து நிமிடம். ஓட்ட விளையாட்டு பத்து. தலைப்பு வேலை இருபது. உட்கார்ந்து ஆடும் விளையாட்டு ஐந்து. திறன் பயிற்சி பதினைந்து. தலைப்பையொட்டிய கதையோ நடிப்போ பாட்டோ பதினைந்து, சிக்ஸுகள் நடித்துக்காட்ட இடம் இதுதான். கடைசி ஐந்து நிமிடம் அடுத்த வார அறிவிப்பு, நாட்டுப்பண், கலைதல்.

இருபது நிமிடத்துக்கு மேல் இந்த வயதுப் பிள்ளை ஒரே வேலையில் நிற்காது. கைவேலை என்றால் நீங்கள் வீட்டில் செய்து பார்த்த நேரத்தை மூன்றால் பெருக்குங்கள். ஏழு நிமிடத்தில் நீங்கள் முடித்தது அவர்களுக்கு இருபது நிமிடம். அதற்கு மேல் போனால் வெட்டும் வேலையை முன்கூட்டியே வீட்டில் முடித்துக்கொண்டு வர வேண்டும். அதுதான் சனிக்கிழமை வர முடியாத பெற்றோருக்கு உரிய வேலை.

திறன் பயிற்சிக்கான பதினைந்து நிமிடத்தைத் தலைப்புக்காகக் காவு கொடுக்காதீர்கள். பிரவேஷ் என்ற நுழைவு நிலை தொடங்கி, சரண் எனப்படும் நான்கு படிகள், முடிவில் தங்க அம்பு விருது என்று பிள்ளை படிப்படியாக ஏற வேண்டியிருக்கிறது. எல்லாத் திறனையும் தலைப்புக்குள் கொண்டுவர முயன்றால், இரண்டாம் வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளை அந்த முடிச்சைக் கற்காமலே போய்விடும். ஒரு பெரிய தாளில் பெயர்கள் கீழே, தேவைகள் மேலே எழுதி, முடித்த கட்டத்தில் தேதி போடுங்கள். மாதக் கடைசியில் எந்தக் கட்டம் காலி என்று பார்த்தால் விடுபட்டவர் தெரிந்துவிடும்.

பத்து மாதம், ஊரின் பருவத்தோடு

தமிழ்நாட்டில் ஜூன் முதல் ஏப்ரல் வரை பள்ளி. தேர்வுகளையும் மழையையும் முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு, மிச்சமுள்ள சனிக்கிழமைகளில் தலைப்பை வையுங்கள். தலைகீழாகச் செய்தால் செப்டம்பர் கடைசியில் காலாண்டுத் தேர்வு வந்து நான்கு வாரத் திட்டத்தை இரண்டாக வெட்டிவிடும்.

ஜூன் புதியவர்களுக்கு. சிக்ஸ் பிரிப்பது, உறுதிமொழி, குருளையர் விதி. 22 பேர் என்றால் 6, 6, 5, 5. அண்ணன் தம்பியை ஒரே சிக்ஸில் போடாதீர்கள். ஆறாறாகப் பிரிப்பது 1916இல் குருளையர் பிரிவு பிறந்த காலத்திலிருந்து வரும் முறை. ஆறு பேரில் ஒருவர் ஒளிந்துகொள்ள முடியாது, பன்னிரண்டு பேரில் முடியும்.

ஆகஸ்ட் கயிறு, கழுத்துக்குட்டை, கொடி. 1907 ஆகஸ்ட் 1 அன்று இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாம் தொடங்கியதை நினைவுகூர்ந்துதான் ஆகஸ்ட் 1 உலகச் சாரணர் கழுத்துக்குட்டை நாளாக இருக்கிறது. அதே மாதம் சுதந்திர தினம். ஆளுக்கு ஒன்றரை மீட்டர் கயிறு, 22 பேருக்கு 33 மீட்டர். 6 முதல் 8 மி.மீ. பருத்திக் கயிறு வாங்குங்கள். நைலான் வழுக்கி அவிழும், பிள்ளை தன் முடிச்சுதான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். முனை பிரியாமல் இருக்க நூலால் இறுக்கிச் சுற்ற வேண்டும். ரீஃப் முடிச்சுக்கு இரண்டு நிறக் கயிறு கொடுத்தால் வலது இடதின் மேல், பிறகு இடது வலதின் மேல் என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு குறுக்கே திரும்பி நிற்கும், இழுத்தால் நழுவும். சரியாகப் போட்டால் தட்டையாகப் படியும். தட்டையாகப் படிவதால்தான் கட்டுப் போடும்போது அதைப் பயன்படுத்துகிறோம். நான்காம் வாரம் கழுத்துக்குட்டையாலேயே கைத்தொட்டில் கட்டிக் காட்டட்டும்.

செப்டம்பரில் இரண்டு வாரம்தான் கிடைக்கும். பழைய விளையாட்டுகளுக்குப் போதும்: கிளித்தட்டு, நொண்டி, ஐந்தாங்கல், பல்லாங்குழி. பல்லாங்குழிக்குப் பலகை தேட வேண்டாம், வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசையில் 14 குழியைத் தரையில் சாக்பீஸால் வரையலாம். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்றால் ஓர் ஆட்டத்துக்கு 70. பாட்டிகளைக் கூப்பிடுங்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, உட்கார நாற்காலி மட்டும் போடுங்கள்.

அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை. மழையால் கூட்டம் கெட்டது என்று புலம்பாமல் மழையையே தலைப்பாக்குவது நல்லது. இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை, குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டித் தலைகீழாகச் செருகினால் மழைமானி. பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் நேராக அளந்தால் தப்பு வரும். கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் உயரம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியம் குறித்து, அதற்கு மேல் மி.மீ. அளவுகோல் ஒட்டுங்கள். சுவருக்கும் மரத்துக்கும் பக்கத்தில் வைத்தால் கணக்கு குறையும், அவை எவ்வளவு உயரமோ அதில் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை எட்டரைக்குப் படிப்பது வானிலைத் துறையின் வழக்கம், பள்ளி நேரத்துக்கும் ஒத்துவரும். படித்ததும் சுழியக் கோடு வரை மட்டும் தண்ணீரை விட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்ட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் கொட்டித் தேய்த்துக் கழுவி மறுபடி கோடு வரை நிரப்புங்கள், இல்லையென்றால் டெங்கு கொசு நம் பாட்டிலிலேயே வளரும். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். பத்துக்குப் பத்து மீட்டர் கூரையில் 1 மி.மீ.க்கே 100 லிட்டர். 20 மி.மீ. பெய்த மறுநாள் இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும், எத்தனை குடம் என்று கேளுங்கள். இடி கேட்டால் எல்லோரும் கட்டிடத்துக்குள் போக வேண்டும், பாட்டில் நிரம்பினாலும் சரி.

நவம்பர் 7 பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950இல் உருவான நாள். அந்த வாரம் மட்டும் தலைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு அதைக் கொண்டாடலாம்.

டிசம்பர் அரையாண்டுத் தேர்வு மாதம், ஒன்றிரண்டு கூட்டம்தான். அவசர எண்கள் போதும்: 112, ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101, குழந்தைகள் உதவிக்கு 1098. எண்ணை மனப்பாடம் செய்வதைவிட முக்கியம், பெயர், இடம், என்ன நடந்தது என்று சொல்லத் தெரிவது. பழைய போனை வைத்து நடித்துப் பழக்குங்கள். பல பிள்ளைகளுக்குத் தெருப் பெயர் தெரியாது என்பது அன்றுதான் வெளிவரும்.

ஜனவரியில் பொங்கல் விடுமுறை போக மூன்று வாரம் கிடைக்கும். அடுப்பில்லாச் சமையல் வையுங்கள். அவலுக்குத் தலைக்கு 50 கிராம், 22 பேருக்கு 1.1 கிலோ. கெட்டி அவல் கால் மணி நேரம் ஊற வேண்டும், மெல்லிய அவல் இரண்டு நிமிடத்தில் குழைந்துவிடும். எதை வாங்குகிறோம் என்று பட்டியலில் எழுதுங்கள். கத்தி பெரியவர் கையில், தேங்காய் துருவியதாக வரட்டும்.

பிப்ரவரி வானம். மழை மேகம் போய்விட்டது, ஏழு மணிக்கே நல்ல இருட்டு. ஒரு கூட்டத்தை மட்டும் மாலை ஆறரை முதல் எட்டு வரை மாற்றி, அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பாருங்கள். ஒரே வரிசையில் நிற்கும் மூன்று நட்சத்திரம் ஓரியன் வேடனின் இடைவார். அந்தக் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் வானத்திலேயே பிரகாசமான சிரியஸ், மறுபக்கம் நீட்டினால் ரோகிணி, இன்னும் தள்ளிக் கார்த்திகைக் கூட்டம். வேடன் தோளில் சிவந்து தெரிவது திருவாதிரை. வீட்டில் யாருக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டுவிட்டு வரச் சொன்னால், தன் அத்தையின் நட்சத்திரத்தைக் கண்ணால் பார்த்த மகிழ்ச்சி பிள்ளைக்கு. டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாகும், யாராவது போன் வெளிச்சம் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. அன்று ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். பேடன் பவல் பிறந்த நாளான பிப்ரவரி 22ஐயும் இதே மாதத்தில் நினைவில் வையுங்கள்.

மார்ச் வெயில். நான்காம் வாரப் பொருள், உப்புச் சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் சுத்தமான நீர், மட்டமாக வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் கரண்டியைக் குவிக்காமல் வழிப்பதே பயிற்சி. கண்ணீரைவிட உப்பு கரிக்கக் கூடாது என்பது எளிய சோதனை. ஏப்ரலில் ஒரே ஒரு கூட்டம், ஆண்டுக் கணக்கும் விடைபெறலும்.

பெற்றோரிடம் கேட்கும் முறை

வாட்ஸ்அப் குழுவில் "அடுத்த வாரம் யாரால் உதவ முடியும்?" என்று கேட்டால் 22 பேரும் மற்ற 21 பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கேள்வி யாரையும் பார்த்துக் கேட்கப்படவில்லை, அவ்வளவுதான். ஜூன் முதல் கூட்டத்தில் பெற்றோரை நேரில் உட்காரவைத்து ஆண்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள். 10 மாதம், மாதத்துக்கு இரண்டு வீடு, ஆக 20 வீடு. மிச்சமிருக்கும் இரண்டு வீட்டுக்கு ஆண்டு முழுவதுமான வேலை: ஒன்றுக்குக் கணக்கு, இன்னொன்றுக்கு முதலுதவிப் பெட்டியும் அவசரத் தொடர்பு எண்களும். அவரவரே எழுந்து வந்து தன் பெயரை மாதத்தில் எழுதட்டும். நீங்கள் எழுதினால் அது உங்கள் பட்டியலாகவே இருக்கும்.

"ஆண்டு முழுவதும் உதவுங்கள்" என்பதற்குப் பயப்படுகிறவர் "ஆகஸ்ட் மட்டும்" என்பதற்கு ஒப்புக்கொள்வார். முடிவு தெரிந்த வேலைதான் ஏற்கத்தக்க வேலை. அதே போல ஒவ்வொரு வேலையும் எங்கே முடிகிறது என்பதையும் எழுதுங்கள். "மண் ஏற்பாடு" என்று எழுதினால், மண் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சொன்னதோடு அவர் வேலை முடிந்தது என்று அவர் நினைப்பார். "கலந்த மண் இரண்டு சாக்கு, வெள்ளி மாலை ஐந்துக்குள், சைக்கிள் நிறுத்துமிடத்தில்" என்று எழுதினால் சந்தேகத்துக்கு இடமில்லை. பக்கத்தில் மாற்று ஆளின் பெயர். இரண்டு வீட்டில் ஒன்று வர முடியாமல் போனால் மற்றது தாங்கும் என்பதற்காகத்தான் இரண்டு. அந்த இரண்டும் ஒரே தெருவாக இருந்தால் வசதி, உறவினராக இருக்க வேண்டாம். ஒரு கல்யாணம் வந்தால் இருவரும் போய்விடுவார்கள்.

சனிக்கிழமை வேலைக்குப் போகிறவர்களை விட்டுவிடாதீர்கள். 22 அட்டை வெட்டுவது, கயிறு முனை கட்டுவது, புளியங்கொட்டை எண்ணிப் பையில் போடுவது எல்லாம் இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் செய்யலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: தானாக விட்டால் சுண்டல் எப்போதும் அம்மாக்களிடமும், வண்டி ஓட்டுவது எப்போதும் அப்பாக்களிடமும் போய்ச் சேரும். குருளையர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அட்டவணையில் வேண்டுமென்றே மாற்றிப் போடுங்கள்.

செலவுக்கு உச்சவரம்பு வையுங்கள். மாதத்துக்கு 500 ரூபாய் என்று முடிவு செய்தால் பொதுப் பணத்திலிருந்து அதுதான், யாரும் கைக்காசு போடக் கூடாது. வசதியான வீடு ஒன்று ஜூலையில் எல்லாருக்கும் பரிசுப் பை கொடுத்துவிட்டால், ஆகஸ்ட்டில் பெயர் கொடுத்த தையல்காரர் வீடு சத்தமில்லாமல் விலகிவிடும். ரசீது இல்லாமல் பணம் இல்லை, கணக்கு மாதக் கடைசியில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு தாளில். சிற்றுண்டி சுண்டலோ வாழைப்பழமோ போதும். கடலை மிட்டாய் கொடுக்கும் முன் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை உண்டா என்று ஜூன் படிவத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

மாத வீட்டார் தலைப்பை நடத்தும்போது ஒரு தொல்லை வரும். விஷயம் தெரிந்தவர் நாற்பது நிமிடம் பேசிவிடுவார். வங்கி அதிகாரி, வேளாண் அலுவலர், மருத்துவர் யாரானாலும் சரி. முன்பே சொல்லிவிடுங்கள்: பேச்சு ஐந்து நிமிடம், பிறகு பிள்ளைகள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. எந்தப் பெரியவரும், கப் மாஸ்டர் உட்பட, ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர். 22 பேருக்குக் குறைந்தது நான்கு பேர், வெளியே போனால் ஆறு. கழிப்பறைக்குப் பிள்ளைகள் இருவராக. யார் கூட்டிப்போகலாம் என்ற பட்டியலில் இல்லாதவர் மாமாவே ஆனாலும் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது. படங்கள் பெற்றோர் குழுவுக்குள் மட்டும். உதவிக்கு வரும் ஒவ்வொரு பெற்றோருக்கும் இவற்றை வாசித்துக் காட்டி, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதையும் சொல்லுங்கள். நல்லவர்கள் இதற்குக் கோபிக்க மாட்டார்கள்.

பிள்ளைகளின் பங்கு

பெற்றோருக்குப் பங்கிட்டுவிட்டு நிறுத்திவிடும் குழுக்கள் பாதி வேலையைத்தான் செய்கின்றன. நான்கு சிக்ஸ், நான்கு சனிக்கிழமை, நான்கு வேலை. ஒரு சிக்ஸ் கொடி: கால் மணி நேரம் முன்னதாக வந்து கயிறு, முடிச்சு, மடிப்பு பார்ப்பது. ஒன்று விளையாட்டு: வந்து சேரும் நேரத்து விளையாட்டைத் தேர்ந்து நடத்துவது. ஒன்று பொருள்: கத்தரிக்கோல் 22 கொடுத்தால் 22 திரும்ப வாங்குவது. ஒன்று துப்புரவு. வாரம் மாறினால் வேலையும் ஒரு படி நகரும். மாதம் முடியும்போது எல்லா சிக்ஸும் எல்லாமும் செய்திருக்கும். ஐந்தாம் சனிக்கிழமை வரும் மாதத்தில் அந்த நாளை வெறும் விளையாட்டுக்கு விடுங்கள், சுழற்சியைக் குழப்ப வேண்டாம்.

துப்புரவைத் தண்டனையாக ஒரு முறை கொடுத்துவிட்டால் முறையே குலைந்துவிடும். அடுத்த வாரம் முறைப்படி துப்புரவுக்கு வரும் சிக்ஸ், "நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" என்று கேட்கும்.

சிக்ஸர், அதாவது சிக்ஸின் தலைவர், எல்லாவற்றையும் தானே செய்துவிடுவது அடுத்த குறை. கெட்டிக்காரப் பிள்ளையைத்தான் சிக்ஸராக்கியிருப்போம், அது பொறுக்காமல் பிடுங்கிச் செய்யும். சிக்ஸரின் வேலை யார் எதைச் செய்வது என்று சொல்வது மட்டும். அவன் கை பின்னால் கட்டியிருக்கட்டும் என்று விளையாட்டாகவே விதி வைக்கலாம். சிக்ஸர் வராத நாளில் செகண்ட் பொறுப்பேற்பார். நான்கு மாதத்துக்கு ஒரு முறை சிக்ஸரை மாற்றுவதில் தவறில்லை.

மாதத்தின் கடைசிக் கூட்டம் முடிந்ததும் சிக்ஸர், செகண்ட் எட்டுப் பேரும் இரண்டு பெரியவரும் கால் மணி நேரம் உட்காருங்கள். எது பிடித்தது, எது சலித்தது, அடுத்த மாதம் இந்த இரண்டில் எது? மூன்றாவது கேள்வியைத் திறந்து விடாதீர்கள். "என்ன செய்யலாம்?" என்று கேட்டால் கடற்கரை, நீச்சல், தீம் பார்க் என்று வரும், மறுக்க வேண்டியிருக்கும், அடுத்த மாதம் வாய் திறக்க மாட்டார்கள். நிச்சயம் செய்யக்கூடிய இரண்டைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சொன்ன குறைகளில் ஒன்றையாவது அடுத்த வாரமே சரிசெய்து, "போன வாரம் செகண்ட்ஸ் சொன்னதால் இன்றைக்கு இப்படி" என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

இவை அனைத்தும் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கட்டும். மாதத்துக்கு நான்கு பக்கம்: நான்காம் வார வரி, பொருள் அளவு, யார் யார், கடைசியில் "அடுத்த ஆண்டு இதைச் செய்பவருக்கு" என்று ஐந்து வரி. அந்த ஐந்து வரியை மாத வீட்டார் தங்கள் கையால் எழுத வேண்டும், எந்தக் கடையில் கயிறு மலிவு, எந்த வயல்காரர் பிள்ளைகளை விட்டார், எந்தக் கைவேலை நேரத்தில் முடியவில்லை என்று. மாதத்தின் 25ஆம் தேதிக்குள் நோட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். பையில் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பாமல் கையில் கொடுங்கள், கொடுக்கும்போது இருவரும் பத்து நிமிடம் பேசிக்கொள்ளட்டும்.